டிராயிங் வந்துவிட்டது, வெட்டத்தான் முடியவில்லை

"ஃபைல் ரெடி, அப்படியே மெஷினில் போட்டால் போதும்" என்று சொல்லி வரும் டிராயிங்குகளில், லேசர், பிளாஸ்மா, ரவுட்டர் என்று எந்த வெட்டு மெஷினிலும் அப்படியே போட்டால் வெட்டுகிறவை ரொம்பக் குறைவு. திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். டிராயிங்கை மெஷின் ஓட வேண்டிய வழியாக மாற்றித் தரும் கேம் (CAM) மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டு, வெளிக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, டூல் பாதை கேட்டால் "இது மூடிய வடிவம் இல்லை" என்று நிற்கும். அல்லது அதைவிட மோசம்: ஒன்றுமே சொல்லாமல் பாதையைப் போட்டுக் கொடுத்துவிடும், தப்பு தகட்டில்தான் தெரியும்.

வரைந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. டிராயிங் என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொல்வதற்காக உருவான மொழி. நாலு கோடு நாலு மூலையில் ஏறத்தாழ சந்தித்தால் நாம் செவ்வகம் என்று படித்துக்கொள்கிறோம். மெஷின் அப்படிப் படிக்காது. அதற்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு கோடுகள். வரைந்தவர் மனதில் இருந்த செவ்வகத்தை யாராவது ஒருவர் கோப்புக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் துப்புரவு என்று பெயர் வைத்திருக்கிறோம். உண்மையில் அது துப்புரவு இல்லை. ஒவ்வொரு திருத்தமும் வரைந்தவருக்குப் பதிலாக நாம் எடுக்கும் ஒரு முடிவு. மென்பொருளில் இருக்கும் "எல்லாவற்றையும் சேர்" பொத்தானும் அதே முடிவைத்தான் எடுக்கிறது, நம்மைக் கேட்காமல். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பொத்தானோடு எனக்கு இருக்கும் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்கு முன்னால் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாம். டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற கோப்பு வடிவம் 1982-இல் ஆட்டோகேடின் முதல் பதிப்போடு வந்தது. இன்றும் இரு பரிமாண வெட்டு வேலையில் பொதுமொழி அதுதான். பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோப்பாகவே இருப்பதால் நோட்பேடில் திறந்து படிக்கலாம். இரண்டிரண்டு வரியாகப் போகும்: மேல் வரியில் ஒரு குறியீட்டு எண், கீழ் வரியில் அதன் மதிப்பு. ஒரு நேர்கோடு என்றால் 8 என்ற எண்ணுக்குக் கீழே அது எந்த லேயர் என்று இருக்கும். 10-க்கும் 20-க்கும் கீழே தொடக்கப் புள்ளியின் எக்ஸ், ஒய். 11-க்கும் 21-க்கும் கீழே முடிவுப் புள்ளி. அவ்வளவுதான். அடுத்த கோடு இதோடு ஒட்டியிருக்கிறதா என்பதற்கு எங்கேயும் ஒரு வரி கிடையாது. ஒரு கோடு 100.0003-இல் முடிந்து அடுத்தது 99.9998-இல் தொடங்கினால், அவை ஒட்டியிருக்கின்றன என்பது நம் கற்பனை. பாலிலைன் என்ற உருப்படி மட்டும்தான் புள்ளிகளை ஒரே சங்கிலியாகக் கோத்து வைக்கிறது. மூடியதா, திறந்ததா என்று அதற்குள்ளேயே ஒரு குறி இருக்கும். நாம் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த மூடிய பாலிலைன்.

முதலில் அளவு. மற்ற எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் தரப்போகும் டாலரன்ஸ் எண்களெல்லாம், அதாவது எவ்வளவு விலகலைப் பொறுக்கலாம் என்பவை, மில்லிமீட்டரில் யோசித்தவை. கோப்பு அங்குலத்தில் இருந்தால் 0.05 என்ற இடைவெளி 1.27 மி.மீ. ஆகிவிடும். டிஎக்ஸ்எஃப் தலைப்பகுதியில் அலகைச் சொல்ல ஒரு வரி உண்டு. 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 0 என்றால் "எனக்கே தெரியாது". பாதிக் கோப்புகள் 0 என்றுதான் சொல்கின்றன. டிஎக்ஸ்எஃப்பின் பழைய பதிப்பான ஆர்12-இல் அந்த வரியே கிடையாது. மீதிக் கோப்புகள் சொல்வதையும் முழுசாக நம்ப முடியாது. மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, அலகு அங்குலம் என்று இருக்கும் பழைய டெம்ப்ளேட்டில் சேமித்தவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் தலைப்பகுதியை விட்டுவிட்டு, டிராயிங்கிலேயே தெரிந்த அளவு ஒன்றைத் தேடுவேன். போல்ட் துளைதான் நல்ல சாட்சி. எம்6 போல்ட்டுக்கான சாதாரண துளை 6.6 மி.மீ. அளந்து பார்க்கும்போது 0.2598 என்று வந்தால் கோப்பு அங்குலத்தில் இருக்கிறது. 167.64 என்று வந்தால் ஏற்கெனவே யாரோ ஒரு தடவை 25.4-ஆல் பெருக்கியிருக்கிறார்கள், வழியில் ஒரு மென்பொருள் அதைத் தானாகவும் செய்திருக்கலாம். வரைகலை மென்பொருள்களிலிருந்து வரும் எஸ்விஜி கோப்பு என்றால் கதை கொஞ்சம் நுணுக்கமானது. அங்கே அளவு பிக்ஸலில் வரலாம், ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் என்பதில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு வழக்கம். இல்லஸ்ட்ரேட்டர் 72 என்கிறது. இங்க்ஸ்கேப் 0.92-க்கு முன்னால் 90, அதற்கப்புறம் 96. 72-இல் எழுதியதை 96 என்று படித்தால் 100 மி.மீ. பாகம் 75 மி.மீ. ஆக வரும். அது கண்ணில் படும். 90-இல் எழுதியதை 96 என்று படித்தால் 93.75. இதுதான் ஆபத்து, பார்வைக்குச் சரியாகவே தோன்றும். முக்கால், 0.9375 இந்த இரண்டு விகிதத்தையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் எஸ்விஜி தகராறில் முக்கால்வாசி தீர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. அளவுக் கோட்டில் 120 என்று எழுதியிருக்கும், கோட்டை அளந்தால் 118 இருக்கும். கடைசி நேரத்தில் அளவு மாறியபோது வரைந்தவர் படத்தைத் திருத்தாமல் எழுத்தை மட்டும் அடித்து மாற்றியிருப்பார். மென்பொருள் அதற்கு இடம் கொடுக்கிறது. மனிதர் படிக்கும் டிராயிங்கில் எழுதிய எண்தான் சட்டம், அதனால் அவரைப் பொறுத்தவரை டிராயிங் சரி. மெஷின் எழுத்தைப் படிக்காது, கோட்டைத்தான் பின்தொடரும். வந்த கோப்பில் அளவுக் கோடுகள் இருந்தால் அழிப்பதற்கு முன்னால் முக்கியமான நாலைந்து இடத்தில் எண்ணையும் கோட்டையும் ஒப்பிட்டுவிடுவது நல்லது. வேறுபட்டால் நாமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கேட்டுவிட வேண்டும்.

அளவு முடிந்ததும் அழிப்பது. சட்டம், தலைப்புப் பெட்டி, அளவுக் கோடு, மையக்கோடு, ஹேட்ச் என்ற நிரப்புக் கோடுகள், மறைகோடு எல்லாம் போக வேண்டும். லேயர் ஒழுங்காகப் போட்டிருந்தால் அரை நிமிட வேலை. எல்லாம் ஒரே லேயரில் கிடந்தால் நிறத்தையோ கோட்டு வகையையோ பிடித்துத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே ஒரு ஒழுங்கு முக்கியம்: அளவுக் கோடுகளை அழிக்கும் முன் எதையும் எக்ஸ்ப்ளோட் செய்யக் கூடாது. செய்துவிட்டால் அம்புக்குறியும் நீட்டுக்கோடும் சாதாரண கோடுகளாக உடைந்து, பாகத்தின் கோடுகளோடு கலந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான்.

அழிக்கக் கூடாதவையும் இந்தக் குவியலுக்குள்தான் இருக்கும். ஷீட் மெட்டல் டிராயிங்கில் தகட்டை எங்கே மடக்குவது என்று காட்டும் வளைவுக் கோடு மையக்கோடு மாதிரியே கிடக்கும். அது வெட்டவும் கூடாது, தொலையவும் கூடாது, தனி லேயரில் போய் லேசாக மார்க் ஆக வேண்டும். மரை போட வேண்டிய டேப் துளைகளும் அப்படித்தான். முப்பரிமாண மாடலிலிருந்து வரும் டிராயிங்கில் எம்6 மரை என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் இருக்கும்: வெளியே 6 மி.மீ. விட்டத்தில் முக்கால்வட்டம், உள்ளே சின்ன வட்டம். முக்கால்வட்டம் மரையைக் காட்டும் வெறும் குறியீடு. அதைத் திறந்த வடிவம் என்று நினைத்து யாராவது மூடிவிட்டால் 6 மி.மீ. துளை விழும், எம்6 டேப் பிடிக்க அங்கே இரும்பே இருக்காது. வேண்டியது 5 மி.மீ. துளை. "திறந்ததையெல்லாம் மூடு" என்ற பொத்தானுக்கு இந்த விஷயம் தெரியாது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் திரையில் காட்டச் சொன்னால் பாகம் ஒரு புள்ளியாகச் சுருங்கித் தெரிகிறதா? எங்கோ தொலைவில் ஒரு குப்பை கிடக்கிறது: ஒரு தனிப் புள்ளி, நீளமே இல்லாத ஒரு கோடு, காலியான ஒரு எழுத்துப் பெட்டி. தேடி அழித்துவிட்டுப் பாகத்தை மூலப்புள்ளிக்குப் பக்கத்தில் நகர்த்திவிட வேண்டும். இது அழகுக்காக அல்ல. சில மென்பொருள்கள் உள்ளே ஏழு இலக்கத் துல்லியத்தோடுதான் எண்களை வைத்திருக்கும். பாகம் மூலப்புள்ளியிலிருந்து 5,00,000 மி.மீ. தள்ளிக் கிடந்தால் அந்த இலக்கங்களெல்லாம் தூரத்தைச் சொல்லவே செலவாகிவிடும். அங்கே இரண்டு அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 0.03 மி.மீ. இடைவெளி வந்துவிடும். மூடியிருந்த மூலைகள் திறந்துகொள்ளும், வட்டம் நடுங்கும். கட்டட வரைபடத்திலிருந்து வெட்டி எடுத்து அனுப்பப்படும் பாகங்களில் இதைப் பார்க்கலாம்.

அப்புறம் உயரம். மேலிருந்து பார்த்தால் கச்சிதமாக மூடிய வடிவம், ஆனால் கோடுகள் ஒரே சங்கிலியாக ஜாயின் ஆக மறுக்கும். பார்வையைச் சாய்த்துப் பாருங்கள், ஒரு கோடு மட்டும் 3 மி.மீ. மேலே மிதந்துகொண்டிருக்கும். முப்பரிமாண மாடலின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் கலந்து ஏற்றுமதி செய்தால் இப்படி ஆகும். எல்லாவற்றின் இசட் மதிப்பையும் 0 ஆக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் தட்டையாக்கியதும் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதாவது ஒரே கோடு இரண்டு தடவை.

இரட்டைக் கோடு கண்ணுக்குத் தெரியாத தப்புகளில் தலையாயது. லேசரில் ஏற்கெனவே வெட்டிய வழியிலேயே தலை மறுபடி போகும், விளிம்பு கருகும். அதற்குள் விழுந்து சாய்ந்து நிற்கும் சின்னத் துண்டில் தலை மோதவும் கூடும். பிளாஸ்மாவில் இரண்டாவது தடவை அடியில் உலோகமே இருக்காது என்பதால் ஆர்க் அணைந்து மெஷின் நின்றுவிடும். ஒரே மாதிரி இரண்டு கோடு முழுசாக ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் எந்த மென்பொருளும் கண்டுபிடித்து ஒன்றை நீக்கிவிடும். ஆட்டோகேடில் ஓவர்கில், லைட்பர்னில் டூப்ளிகேட் நீக்கும் கட்டளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒரு கோட்டின் பாதி மேல் இன்னொரு கோட்டின் பாதி படிந்திருப்பதுதான் தலைவலி. நீளம் வேறு, தொடக்கம் வேறு, அதனால் இரட்டை என்று அடையாளம் தெரியாமல் தப்பித்துவிடும். மூலையில் ஒரே இடத்திலிருந்து மூன்று முனைகள் கிளம்பும், சங்கிலி போட வரும் மென்பொருள் எந்த வழியில் போவது என்று தெரியாமல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஜாயின் செய்த பிறகு ஒரு மூடிய வடிவமும் பக்கத்தில் ஒரு அனாதைத் துண்டும் மிஞ்சினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே இரட்டையை நீக்கிய பிறகுதான் ஜாயின். வரிசையை மாற்றினால் இரண்டு கோடும் சேர்ந்து ஒரு மெல்லிய, அகலமே இல்லாத வடிவமாக மூடிக்கொள்ளும், அப்புறம் அதை இரட்டை என்று எந்தக் கட்டளையும் ஒத்துக்கொள்ளாது.

இப்போது இடைவெளி. வடிவம் மூடியிருக்க வேண்டும் என்பதில் கேம் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? அதற்கு உள்ளே, வெளியே என்பது தெரிய வேண்டும். 6 மி.மீ. எண்ட்மில் (சுழன்று வெட்டும் டூல்) கோட்டின் மேலேயே போனால் பாகம் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைந்துவிடும். வெளிக்கோட்டுக்கு வெளியே 3, துளைக்கு உள்ளே 3 என்று தள்ளி ஓட வேண்டும், இதைத்தான் ஆஃப்செட் என்கிறோம். லேசரில் வெட்டு அகலம் மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்குதான், பிளாஸ்மாவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர், ஆனாலும் அதே கணக்கு. திறந்த கோட்டுக்கு உள்ளும் இல்லை, வெளியும் இல்லை.

இடைவெளிகளில் மூன்று ஜாதி உண்டு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவது, எண்களை உருட்டியதால் வந்தது: ஆயிரத்தில் ஒரு பங்கு, பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை மூட யோசிக்கவே வேண்டாம், முனைகளை ஒன்றாக்கினால் போதும். இரண்டாவது, வரைந்தவர் ஸ்நாப் (முனையைத் தானாகப் பிடித்து ஒட்டும் வசதி) போடாமல் கையால் முனையை வைத்தது. ஒரு கோடு மூலைக்கு 0.2 மி.மீ. முன்னால் நின்றிருக்கும், அல்லது 0.2 தாண்டிப் போயிருக்கும். இதை முனையை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் கோட்டின் கோணம் மாறும், 90 டிகிரி 89.9 ஆகும். நீட்ட வேண்டும், அல்லது டிரிம் செய்ய வேண்டும், அதாவது இரண்டு கோடும் தத்தம் திசையிலேயே போய் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அதுதான் மூலை. மூன்றாவது, அங்கே வடிவமே முடியவில்லை: ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது, அல்லது திறந்தே இருக்க வேண்டிய வெட்டு அது. இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, வரைந்தவரிடம் இருக்கிறது.

"எல்லாவற்றையும் சேர்" பொத்தான் இந்த மூன்றையும் ஒரே எண்ணால் அளக்கிறது. 0.5 மி.மீ. கொடுத்தால் 0.5-க்குள் இருக்கும் எந்த இரண்டு முனையையும் சேர்த்துவிடும். தகட்டை மடக்கும்போது வளைவு முனையில் கிழியாமல் இருக்க 0.3 மி.மீ. அகலத்தில் ஒரு மெல்லிய பிளவு வரைந்திருந்தால், பிளவின் இந்தக் கரை முனையும் அந்தக் கரை முனையும் அந்த எண்ணுக்குள் வந்துவிடும். சங்கிலி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவி, பிளவை அம்போவென்று விட்டுவிட்டு, "மூடிய வடிவம் 1" என்று வெற்றி அறிவிக்கும். திரையில் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது.

நான் செய்வது இப்படி. முதலில் 0.001 கொடுத்து ஜாயின், எத்தனை திறந்த வடிவம் மிச்சம் என்று பார்ப்பது. அப்புறம் 0.01. அப்புறம் 0.05. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இறங்கும். பொதுவாக 0.01-லேயே பெரும்பாலானவை மூடிக்கொள்ளும், அவை முதல் ஜாதி. 0.05-க்கு மேல் நான் பொத்தானை நம்புவதில்லை. மிச்சம் இருக்கும் ஒவ்வொரு முனைக்கும் பெரிதாக்கிப் பார்த்துக் கையால்தான் வேலை. பத்து முனை இருந்தால் பத்து தடவை பார்க்க வேண்டும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது. விக்ட்ரிக் போன்ற மென்பொருள்களில் திறந்த முனைகளையும் தன்னையே வெட்டிக்கொள்ளும் இடங்களையும் குறித்துக் காட்டும் வசதி இருக்கிறது. திருத்தச் சொல்லாமல் காட்ட மட்டும் சொல்லும் இந்த மாதிரிக் கருவிகள்தான் எனக்குப் பிடித்தவை.

இடைவெளியை ஒரு குட்டிக் கோட்டால் இட்டு நிரப்பும் வழியும் மென்பொருளில் இருக்கும். அதை விரும்பாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு நேர்கோடுகள் ஒரே திசையில் போகின்றன, நடுவில் 0.02 மி.மீ. பக்கவாட்டு விலகல் என்று வையுங்கள். அதை 0.02 நீளத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டு மூடுகிறோம். வடிவம் மூடியது, கேம் சந்தோஷப்பட்டது. ஆனால் 3 மி.மீ. ஆரமுள்ள டூல் அந்த 0.02 படிக்கட்டின் உள்மூலையில் இறங்க முடியாது. ஜி41, ஜி42 என்ற மெஷின் கட்டளைகளைக் கொடுத்து மெஷினையே ஆஃப்செட் போடச் சொன்னால், முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குறுக்கீடு என்று அலாரம் அடித்து நிற்கும் கண்ட்ரோலர்கள் உண்டு. நிற்காதவை அங்கே ஒரு நொடி தயங்கிப் பக்கச்சுவரில் கோடு போட்டுவிட்டுப் போகும். அந்தத் தழும்பை விரல் நகத்தால் தடவினால் தெரியும்.

வளைகோடுகளுக்கு வருவோம். நேரத்தை அதிகம் தின்பது இதுதான். டிசைன் மென்பொருளில் ஸ்ப்லைன் என்று அழகாக ஓடும் வளைவை மெஷின் அப்படியே எடுத்துக்கொள்ளாது. சாதாரண கண்ட்ரோலருக்குத் தெரிந்தது இரண்டே அசைவு: ஜி1 நேர்கோடு, ஜி2-வும் ஜி3-யும் வட்ட வில். ஆகவே எங்கேயோ ஒரு இடத்தில் ஸ்ப்லைன் குட்டிக் குட்டித் துண்டாக உடைந்தே ஆக வேண்டும். எங்கே, எவ்வளவு சின்னதாக என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் தீர்மானித்துவிடும். ஆர்12-ஆகச் சேமித்து அனுப்பச் சொல்வது பழைய தந்திரம். அந்த வடிவத்தில் ஸ்ப்லைன் என்ற உருப்படியே இல்லை, அதனால் எல்லாம் பாலிலைனாகிவிடும், எந்த மென்பொருளும் திறக்கும். ஆனால் எத்தனை துண்டு என்பது அனுப்பியவரின் மென்பொருள் கையில். வளைவு பாத்திபாத்தியாக வந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

எத்தனை துண்டு தேவை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வட்ட வில்லை நேர்கோட்டால் மாற்றும்போது நடுவில் ஏற்படும் விலகல், கோட்டு நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. ஆரத்துக்கு 0.01 மி.மீ. விலகல் போதும் என்றால் கோடு 2 மி.மீ. நீளம் இருக்கலாம். முழு வட்டத்துக்கு 157 துண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு வந்த கோப்பைப் பார்த்தால், அதே வட்டத்துக்கு ஆறாயிரம் துண்டு இருக்கும். அந்தக் கூடுதல் துண்டுகளால் பாகம் ஒரு மயிரிழைகூடத் துல்லியமாகப் போவதில்லை. மெஷின்தான் திணறும்: நிமிடத்துக்கு 6,000 மி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 100 மி.மீ. துண்டு 0.05 மி.மீ. என்றால் நொடிக்கு 2,000 வரி படிக்க வேண்டும். சின்ன ரவுட்டர்களில் கணினியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக 115200 வேகத்தில் வரி வரியாக அனுப்புகிறோம். அதில் நொடிக்கு 11,520 எழுத்து போகும், அதாவது வரிக்கு 16 எழுத்து என்று வைத்தாலும் 720 வரிதான். மெஷின் வரிக்காகக் காத்து நிற்கும், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். வளைவில் உறுமிக்கொண்டே குலுங்கும் மெஷினைப் பார்த்தால் பேரிங்கையும் பெல்ட்டையும் சந்தேகப்படும் முன் கோப்பைத் திறந்து புள்ளிகளை எண்ணிப் பாருங்கள்.

நல்ல வைத்தியம், துண்டுகளைத் திரும்ப வட்ட வில்களாகப் பொருத்துவது. பல கேம் மென்பொருள்களில் ஆர்க் ஃபிட் என்ற பெயரில் இருக்கும். பாகத்தின் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைப் பொருத்தும் டாலரன்ஸாக வைப்பது என் வழக்கம்: பாகம் 0.1-க்குள் வந்தால் போதும் என்றால் பொருத்தல் 0.01. நூற்றுக்கணக்கான துண்டுகள் நாலைந்து வில்லாகச் சுருங்கும். அதே எண்ணை மூலைகள் இருக்கும் வடிவத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் கூர்மையான முனை மழுங்கிப்போகலாம், அதையும் கவனிக்க வேண்டும்.

வட்டத் துளைகளுக்கு மட்டும் பொருத்தலே வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாக வட்டம் போடுவதுதான் சரி. வட்டம் பலகோணமாக வந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று தோன்றலாம். 10 மி.மீ. துளை 12 பக்கமாக வந்தால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 9.66 மி.மீ.தான் இருக்கும், 10 மி.மீ. பின் உள்ளே போகாது. 36 பக்கம் என்றால் 9.96, இது துளையைத் துல்லியமாக்கும் ரீமர் போட்டால் வரும் துளை இல்லை. தவிர, டிரில் சுழற்சி போடும்போது மென்பொருள் வட்டம் என்ற உருப்படியைத்தான் தேடும். பலகோணத்துக்கு மையம் கிடையாது. மேல், கீழ், இடது, வலது புள்ளிகளைப் பிடித்து மையத்தைக் கண்டுபிடித்து, 6.58 என்று வந்தால் 6.6 என்று முடிவெடுத்து, வட்டத்தை நாமே வைக்க வேண்டும். இதுவும் ஒரு ஊகம்தான். ஆனால் போல்ட் அளவுகளின் பட்டியல் கையில் இருக்கிறது என்பதால் பாதுகாப்பான ஊகம்.

வில்கள் வில்லாகவே வந்தாலும் இரண்டு கோளாறு உண்டு. பாலிலைனில் வில் ஒரே ஒரு எண்ணாகப் பதிவாகியிருக்கும், வில்லின் கோணத்தில் கால் பங்கின் டேன்ஜென்ட். 0 என்றால் நேர்கோடு, 1 என்றால் அரைவட்டம். இந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் படிக்கும் மென்பொருளில் ரவுண்டு மூலையெல்லாம் சாய்வு மூலையாகத் தெரியும். அதை டிசைன் என்று நம்பி வெட்டிவிடவும் வாய்ப்புண்டு, ஏனென்றால் சாய்வு மூலையும் நியாயமாகத்தான் இருக்கும். இரண்டாவது, கண்ணாடிப் பிம்பம். டிராயிங்கில் ஒரு பாதியை வரைந்து மறுபாதியை மிரர் செய்தால், சில வில்களின் செங்குத்துத் திசை தலைகீழாகப் பதிவாகிவிடும். அதை மதிக்காத மென்பொருள் அந்த வில்களை மட்டும் மூலப்புள்ளிக்கு அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். கோடுகள் இங்கே, வில்கள் அங்கே என்று பாகம் இரண்டாகப் பிரிந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், கோப்பு கெடவில்லை. வேறு மென்பொருளில் திறந்து, பிளாக்குகளை (ஒன்றாகக் கட்டிவைத்த தொகுப்புகளை) உடைத்து, தட்டையாக்கிச் சேமித்தால் பொதுவாகச் சரியாகிவிடும்.

எழுத்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தாக வந்தால் நம்மிடம் அந்த ஃபாண்ட் இருக்காது, வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்ல வேண்டும். கொடிபோல் இணையும் ஃபாண்டில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், முதலில் அவற்றை ஒன்றாக உருக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இணையும் இடத்தில் குறுக்கே வெட்டு விழும். மார்க்கிங் மட்டும் போதும் என்றால் ஒற்றைக்கோட்டு ஃபாண்ட் போதும், நேரம் பாதியாகும்.

பிடிஎஃப் வந்தால்? வருகிறது, என்ன செய்வது. வெக்டர் பிடிஎஃப் (ஸ்கேன் படமாக இல்லாமல் கோடுகளாகவே இருப்பது) என்றால் உள்ளே இருக்கும் கோடுகளை வெளியே எடுக்கலாம். ஆனால் பிடிஎஃப் மொழியில் வட்டம், வில் என்ற உருப்படிகளே கிடையாது, நேர்கோடும் பெசியே வளைவும்தான். ஒவ்வொரு வட்டமும் நாலு வளைவாக வரும். வடிவத்தில் பெரிய இழப்பு இல்லை, 50 மி.மீ. ஆர வட்டத்தில் அதிகபட்ச விலகல் 0.014 மி.மீ. அளவுதான். ஆனால் அதை வட்டம் என்று யாரும் அறியமாட்டார்கள். அதோடு அச்சிடும்போது தாளுக்குள் அடக்கச் சொல்லி அளவை மாற்றியிருப்பார்கள், 1:5 என்று எழுதியிருப்பது 1:5.15 ஆக இருக்கும். எழுதிய ஒரு நீள அளவை எடுத்து, அந்தக் கோட்டை அளந்து, விகிதம் கண்டுபிடித்து, இன்னொரு திசையில் வேறொரு அளவால் சரிபார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்தைத் தானாக டிரேஸ் செய்வது அலங்கார வேலைக்கு ஓகே. பொருந்த வேண்டிய பாகத்துக்கு வேண்டவே வேண்டாம். டிரேஸ் கருவி பேனாக் கோட்டின் இரண்டு கரையையும் தனித்தனியாகப் பின்தொடரும், ஒவ்வொரு கோடும் இரண்டாக வரும், எது உண்மையான விளிம்பு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் என் பக்கச்சார்பைச் சொல்லிவிடுகிறேன். ஆறு துளையும் நாலு மூலையும் இருக்கும் ஒரு பிராக்கெட் மோசமான கோப்பாக வந்தால் அதைத் துப்புரவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதியிருக்கும் அளவுகளைப் பார்த்துப் புதிதாக வரைந்துவிட்டு, வந்த கோப்பை அடியில் வேறு நிறத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். வேகமும் அதுதான், ஒவ்வொரு கோட்டுக்கும் நமக்குக் காரணம் தெரியும் என்பதும் அதில்தான். ஏற்கெனவே ஏழெட்டு மணி நேரம் போட்டுவிட்டோமே என்று பழைய கோப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இலை, பூ, கையெழுத்து, உருவம் மாதிரி அளவே இல்லாத வடிவங்களுக்குத்தான் பொறுமையாகத் துப்புரவு.

டூல் பாதை வந்த பிறகு சிமுலேஷனை வேடிக்கை பார்ப்பதைவிட மூன்று எண்களைப் பார்ப்பது அதிகம் சொல்லும். ஒன்று, மொத்த நீள அகலம். டிராயிங்கில் எழுதிய வெளி அளவோடு ஆஃப்செட்டைச் சேர்த்தால் ஒத்துப்போக வேண்டும். இரண்டு, பியர்ஸ் எண்ணிக்கை, அதாவது தலை எத்தனை இடத்தில் புதிதாகத் துளைத்து இறங்குகிறது என்பது. 14 துளை, 1 வெளிக்கோடு என்றால் 15 வர வேண்டும். 16 வந்தால் எங்கோ ஒரு வடிவம் உடைந்திருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது, 14 வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மூன்று, மொத்த வெட்டு நீளம். 100-க்கு 50 செவ்வகத்தின் சுற்றளவு 300. திரை 600 என்று காட்டினால் மேலே சொன்ன இரட்டைக் கோடு நம்மை ஏமாற்றிவிட்டு இங்கே வந்து நிற்கிறது.

வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பக்கம் வைத்துவிட்டு நகலில்தான் எல்லா வேலையும். முடிந்ததும் வாடிக்கையாளருக்குப் படமாக ஒன்று போகும், நான் ஊகித்த இடங்களில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டு: இந்தத் துளையை 6.6 என்று எடுத்திருக்கிறேன், இந்த மூலையை நீட்டி மூடியிருக்கிறேன், இந்தக் கோடு வெட்டா, வளைவா? பெரும்பாலும் பதில் ஒரே வரியில் வந்துவிடும். சிலர் இதைப் பார்த்துவிட்டு "ஒரு சின்ன மாற்றம்தான்" என்று புதுக் கோப்பையே அனுப்புவார்கள். அதைத் திறந்து முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. துப்புரவான கோப்பின் மேல் புதியதை வேறு நிறத்தில் போட்டு, ஒரு மூலையைப் பொருத்திப் பார்த்தால் எது நகர்ந்தது என்று தெரியும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சொன்ன ஒரு மாற்றத்தோடு சொல்லாத இரண்டும் கூடவே நகர்ந்திருக்கும், அதையும் கேட்டுவிட்டுத்தான் தகட்டை ஏற்ற வேண்டும்.